எலக்‌ஷன் வரைக்கும் தாங்கினால் போதும்

என் அத்தையின் முகம் ஊரில் இருந்த ஆண்களின் அக்குளுக்குப் போய்ச் சேர்ந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு தேர்தலைக் கவிழ்க்கிற அளவுக்கு வாய் இருக்கக் கூடாதுதான். எனக்கு இருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அனுப்பர்பாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, தையலைத் தடவி, ஓட்டை, கறை, கோணல் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் தேறாததை இன்னொரு பக்கமும் தள்ளுவது அவளுடைய வேலை. மாமாவுக்குக் கட்சிதான் வேலை. இருபது வருடமாகக் கொடி கட்டி, பந்தல் போட்டு, கவுன்சிலர் சீட்டுக்காகத் தவம் கிடந்தார். இந்த முறை கட்டாயம் கிடைக்கும் என்றிருந்த நேரத்தில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டு அத்தையை வேட்பாளர் ஆக்கினார்.

போஸ்டரில் அத்தையின் படம் இருந்தது. அதைவிடப் பெரிதாக மாமா கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஓட்டுக் கேட்கப் போனால் அத்தை கும்பிடுவாள், மாமா பேசுவார். மைக் ஒரு நாளும் மாமாவின் கையை விட்டு இறங்கியதில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டிலும் அப்படித்தானே நடந்துகொண்டிருந்தது!

"பனியன் ஊருல நின்னுபோட்டு ஆளுக்கொரு பனியன் குடுக்கலீன்னா ஊரு சிரிக்கும்" என்று மாமாதான் ஆரம்பித்தார். கட்சிக்காரர்கள் எல்லோரும் அத்தையின் முகம் போட்ட வெள்ளை டீ-சர்ட் மாட்டிக்கொண்டு வர வேண்டும். படம் நடு மார்பில் வேண்டாம், இடது பக்கம், இதயத்தின் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் உணர்ச்சியாக இருக்குமாம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா வைத்திருந்த சின்ன பிரிண்டிங் பட்டறைக்குத் துணி வந்து இறங்கியது.

அப்பா துணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மச்சான், இது காம்பாக்டிங் பண்ணாத துணிங்க. ஒரு தண்ணி பாத்தா முறுக்கிக்குங்க."

பனியன் துணியை வெளுத்து வந்தபின் ஆவியில் அமுக்கி நிலைப்படுத்த ஒரு வேலை உண்டு. அதற்குத்தான் காம்பாக்டிங் என்று பெயர். அதைச் செய்யாமல் விட்டால், துவைத்ததும் துணி சுருங்கித் திருகிக்கொள்ளும். நேராக இருந்த தையல் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூட இது தெரியும். மாமாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் காம்பாக்டிங்குக்கு அனுப்பினால் நான்கு நாள் தள்ளும். அவருக்கோ மறுநாளே ஊர்வலம்.

"அட, எலக்‌ஷன் வரைக்கும் தாங்குனாப் போதும் மாப்ள! அதுக்கப்பறம் யாரு போடப் போறா?" என்றார்.

பிரிண்டிங் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் எல்லாவற்றையும் கேட்டேன். அப்பா பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்கிரீனை எடுத்தார். அச்சடித்த துணியை ராத்திரியோடு ராத்திரியாக டீ-சர்ட்டாகத் தைத்து முடித்தார்கள். அக்கா புருஷனிடம் அவரால் அதற்குமேல் பேச முடியாது.

முதல் நாள் ஊர்வலம் ஜோராக நடந்தது. வெயிலில் வேர்த்துப்போன டீ-சர்ட்டுகளை வீட்டுக்கு வீடு துவைத்துக் காயப்போட்டார்கள். அவ்வளவுதான். மறுநாள், மாவட்டத்திலிருந்து கட்சிப் பொறுப்பாளர் வந்து இறங்கிய நேரத்தில், அத்தையின் முகம் எல்லோருடைய இடது அக்குளுக்கும் குடிபோயிருந்தது. கை தொங்கினால் அத்தை இல்லை. கையைத் தூக்கி "வாழ்க" என்று கத்தினால் அக்குளிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அதுவும் ஒரு கண்ணும் முக்கால் மூக்குமாக. கை இறங்கியதும் மறைந்துவிடுவாள்.

இப்போது என்றால் பத்து நிமிடத்தில் மீம் போட்டிருப்பார்கள். அன்று எங்களுக்கு வாய்த்தது உள்ளூர் கேபிள் சேனல். ஒரே ஆள்தான் நிருபர், கேமராக்காரர், வாசிப்பவர் எல்லாம். அன்று மாலை ஏழு மணிச் செய்தியில் 'அக்குளில் அடைக்கலம் புகுந்த வேட்பாளர்' என்று போட்டுவிட்டார். கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக அதையே திரும்பத் திரும்பக் காட்டினார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

பொறுப்பாளர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையே கட்சி அறிக்கை விட்டது. இது எதிர்க்கட்சியின் திட்டமிட்ட சதி, துணியில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று மாமா கண் கலங்கிப் பேட்டி கொடுத்தார். நன்றாகவே கலங்கினார்.

அன்று சனிக்கிழமை. சேனல்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தபோது அப்பா இங்க் வாங்கப் போயிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன்.

"இந்தச் சதி எப்படி நடந்திருக்கும் பாப்பா?"

சதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. காம்பாக்டிங் தெரியும். "சதியெல்லாம் இல்லீங்க. துணி காம்பாக்டிங் பண்ணலீங்க. எங்கப்பா அப்பவே முறுக்கிக்கும்னு சொன்னாருங்க. மாமாதான் எலக்‌ஷன் வரைக்கும் தாங்குனாப் போதும்னு சொன்னாருங்க" என்று மூச்சு விடாமல் சொன்னேன். தெரிந்த கேள்வி பரீட்சையில் வந்த சந்தோஷம் எனக்கு.

மாலை ஏழு மணிக்கு என் முகம் டி.வி.யில் வந்தது. கீழே பெரிய எழுத்தில் ஓடியது: 'எலக்‌ஷன் வரைக்கும் தாங்கினால் போதும்: வேட்பாளர் கணவர்.'

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் கட்சி தெருவுக்குப் போட்ட தார் முதல் கோவில் முன்னால் வைத்த தெருவிளக்கு வரை எல்லாமே அப்படித்தான் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிரவே எதிர்க்கட்சி ஆட்டோ என் குரலையே ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் போனது. அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் அடியைவிட வலித்தது. அத்தையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது நான்தான் என்று எனக்குப் புரிந்தது. தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்சி அலுவலகத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். பொறுப்பாளர் எனக்கு எதிரில் குனிந்து உட்கார்ந்தார்.

"எதிர்க்கட்சி அண்ணன் ஒருத்தர் சாக்லேட் குடுத்து அப்படிச் சொல்லச் சொன்னாருன்னு சொல்லணும். செரியா?"

"என்ன சாக்லேட்ங்க?" என்று கேட்டேன். பொய் என்றாலும் விவரம் வேண்டுமே!

அத்தை மூலையில் நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு டீ-சர்ட் இருந்தது. அதன் தையலை விரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தாள்.

சேனல்காரர் வந்தார். இரண்டு பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். வாசலில் சனம் கூடிவிட்டது. பாதிப்பேர் கம்பெனிப் பெண்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு என்னை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். "எனக்கு ஒரு அண்ணன்" என்று ஆரம்பித்தேன்.

"புள்ளைய உட்டுருங்க."

அத்தை முன்னால் வந்து என்னைத் தன் சேலைக்குப் பின்னால் தள்ளினாள். மாமாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அவர் கொடுக்கவில்லை, அவள்தான் வாங்கினாள். மேசைமேல் டீ-சர்ட்டை விரித்து, ஒரு கையால் நீவிவிட்டு, வயிற்றுக்கு வந்துவிட்ட தையலை விரலால் காட்டினாள்.

"இது ரிஜெக்ட் பீஸுங்க. சதியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொண்ணு சொன்னதுதான் நெசம். பதினெட்டு வருசமா ஊரான் ஊட்டு பீஸையெல்லாம் செக் பண்றேன். என்ற மூஞ்சி போட்ட பீஸை மட்டும் பாக்காம உட்டுப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க." தையலிலிருந்து விரலை எடுத்தாள். "எலக்‌ஷன் வரைக்கும் தாங்குனாப் போதும்ங்கறது எங்கூட்டுப் பேச்சுத்தான். இனி அந்தப் பேச்சு இருக்காதுங்க. நான் பாத்துத்தான் உடுவேன்."

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் டீ-சர்ட்டை மடித்தும் வைத்தாள்.

பொறுப்பாளர் டீ கூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார். "இந்த வார்டு போச்சு" என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மாமா நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

டீ-சர்ட்டுகளைத் திரும்ப வாங்கி, மெஷின் துடைக்கிற வேஸ்ட்டுக்குப் போடுவதற்காக அத்தை வீட்டு முற்றத்தில் குவித்தார்கள். சாயங்காலம் செக்கிங் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். அவர்களில் தூத்துக்குடியிலிருந்து வந்து குடியிருந்த ஒரு அக்காதான் பேசினாள்.

"ஏ யக்கா, இதத் தூரப் போட்றாத. எங்களுக்குத் தா."

அள்ளிக்கொண்டு போனார்கள். மெஷின் துடைக்கத்தான் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அத்தை ஜெயித்தாள். அதிக வித்தியாசம் இல்லை, ஆனால் ஜெயித்தாள். வார்டுக் கூட்டத்துக்குத் தனியாகப் போக ஆரம்பித்தாள். மாமா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நின்றார். ஆனால் என் மனதில் நிற்பது அதெல்லாம் இல்லை, டீ-சர்ட்டுகளை அள்ளிக்கொண்டு போன மறுநாள், அந்தத் திங்கட்கிழமைக் காலைதான்.

எட்டு மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதப்போகிற நேரம். வேலைக்குப் போகிற பெண்கள் தூசு படாமல் இருக்கச் சேலைக்கு மேலே பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அன்று வீதி நிறைய வந்த பெண்கள் அத்தனை பேரும் சேலைக்கு மேலே அந்தக் கோணல் டீ-சர்ட்டைத்தான் மாட்டியிருந்தார்கள். எனக்குப் பகீரென்றது. ஒரே ஓட்டமாக அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்தை, அத்தை! எல்லாரும் உங்களைக் கிண்டல் பண்றாங்க! உள்ள வாங்க, பாக்காதீங்க!"

அத்தை வாசலுக்கு வந்து நின்றாள். வீதியில் போனவர்கள் அவளைப் பார்த்ததும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். தூக்கத் தூக்க, ஒவ்வொரு அக்குளிலிருந்தும் அத்தையின் முகம் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

அத்தையும் கையைத் தூக்கினாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எல்லாம் போயிற்று, என்னால்தான் போயிற்று என்று நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து, உள்ளே வரச்சொல்லி இழுத்துக்கொண்டே இருந்தேன்.