பேராசிரியருக்குப் போடாத மாலை

போன வருடம் இரண்டாம் தவணையில், இறக்கக்கண்டிப் பக்கம் நான் அதிபராக இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் திருகோணமலை நகரில் அதிபர்களுக்கு ஒரு பயிற்சி. நடத்தியவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கல்விப் பேராசிரியராக இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். பல நாடுகளுக்கும் போய் அதிபர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிப்பவர். உங்கள் பள்ளியில் பாடத்தை அதிகம் குழப்புவது எது என்று கேட்டார். மழை என்றார்கள், கூட்டங்கள் என்றார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! விருந்தினர்கள் என்று சொல்லிவிட்டேன். யாராவது வந்தால் பாண்ட் வாத்தியம், மாலை, வெயிலில் பிள்ளைகள் வரிசை. அன்றைய படிப்பு அவ்வளவுதான். மண்டபமே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. அதை நிறுத்துவது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆசிரியர்களைக் கூட்டி, இனி யார் வந்தாலும் பாடம் நிற்காது என்று வாக்குக் கொடுத்தேன். ஐந்தாம் தர ஆசிரியை என்னை நம்பினால்தானே.

"பெரிய ஆக்கள் வரேக்க பாப்பம் டீச்சர், உங்கட சொல்லு நிலைச்சு நிக்குதோ எண்டு."

வந்த முதல் பெரிய ஆள் யார் தெரியுமா? அதே பேராசிரியர்தான்! வெளிநாட்டு அதிபர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வகுப்புகளைப் பார்க்க வருகிறாராம். கல்விப் பணிமனை அதிகாரி போன் எடுத்து, வரவேற்பு திறமாக இருக்கவேண்டும் என்றார். பாடத்தை நிறுத்த ஏலாது என்றேன். மாவட்டத்தின் மானமே போகும், பிறகு ஒரு உதவிக்கும் பணிமனைப் பக்கம் வராதீர்கள் என்று சத்தம் போட்டார். பணிமனையின் உதவி இல்லாமல் எங்கள் பள்ளிக்கூடம் ஓடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வளைந்திருந்தால் என் ஆசிரியர்கள் பிறகு ஒரு விஷயத்திலும் என்னை நம்பியிருக்கமாட்டார்கள்.

வான் வந்து நின்றபோது வாசலில் நான் மட்டும். இறங்கியதும் இறங்காததுமாக அதிகாரி, "மாலை எங்கை அதிபர்?" என்றார்.

"பிள்ளையள் படிக்கினம் சேர். பாடம் முடிய வந்து கதைப்பினம்."

அவர் முகம் கறுத்துப்போனது. விருந்தினர்கள் ஐந்தாம் தர வகுப்பில் பின்னால் போய், சின்னக் கதிரைகளில் ஒடுங்கி இருந்தார்கள். ஆசிரியை தலையை மட்டும் அசைத்துவிட்டுப் பின்னக் கணக்கைத் தொடர்ந்தார். ரொட்டியைப் பிய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். எந்தத் துண்டு கால்வாசி என்று பிள்ளைகளுக்குள் பெரிய சண்டை. இரண்டொரு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு விருந்தினரைவிட ரொட்டிதான் அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது.

மணி அடித்ததும் பேராசிரியர் வெளியே வந்து, அதிகாரிக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"எத்தினையோ நாட்டில எனக்கு மாலை போட்டிருக்கினம். ஒரு பாடத்தை உள்ளபடி பாக்க விட்டது நீங்கள்தான்."

அதிகாரி, பிள்ளைகள் நீட்டிய ரொட்டித் துண்டை வாங்கிச் சாப்பிட்டார். ஐந்தாம் தர ஆசிரியை என்னைக் கடந்து போகும்போது, "உங்கட சொல்லு நிண்டிட்டுது டீச்சர்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் அலுமாரியில் சான்றிதழ்கள் நிறையக் கிடக்கின்றன. ஆனாலும் நீ அதிபராக இருந்து என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், வெறுங்கையோடு வாசலில் தனியாக நின்ற அந்தக் காலையைத்தான் நான் பெருமையோடு சொல்வேன்.