கதவுப் பாடம்

பிரெஞ்சம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. கட்டிக்கொண்ட புருஷனே அவள் சொந்தப் பெயரை மறந்துவிடும் அளவுக்கு அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. வெளிநாடு போகிறவர்களுக்கு இருபது வருடத்துக்கு மேலாகப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறாள். அவள் விமானத்தைப் பார்த்ததெல்லாம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான்.

அவள் வகுப்பில் பேர்போனது கதவுப் பாடம். நம் ஆட்கள் "போறேன்" என்ற ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரனுக்கு அது போதாது. அதனால் அவள் மாணவர்களை எழுப்பி நடக்க விடுவாள். கதவைத் தாண்டி வராந்தாவில் நின்றால் சொர்த்தீர்: உள்ளே இருந்தவர் வெளியே வந்தார், அவ்வளவுதான். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் பர்த்தீர்: புறப்பட்டாயிற்று. கித்தே என்றால் விட்டுப் பிரிவது: எதை விட்டு, யாரை விட்டு என்று சேர்த்துச் சொல்லியே தீர வேண்டும். குடையை மேசையில் வைத்துவிட்டுப் போனால் லெஸே. "குடையப் போய் கித்தே பண்ணாதீங்க, அது என்ன உங்க பொண்டாட்டியா?" என்று கேட்பாள். வருடா வருடம் அதே ஜோக், வருடா வருடம் சிரிப்பார்கள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருந்த உயரமான கட்டடங்களிலெல்லாம் ஏறி இறங்கிய மனுஷன், லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், தன் வீட்டிலேயே, பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. நாக்கு குழறியதே தவிர வசவுக்குக் குறைவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் வைத்தாள். வந்தவர்கள் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள். கடைசியில் நாத்தனார்தான் மாலையில் வந்து உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் பிரெஞ்சம்மா வகுப்புக்குப் போய் வருவாள். அவளுக்கு வேலையைவிட அந்த நடைதான் பெரிது. தெரு, கூட்டம், யாரும் தன்னைக் கூப்பிடாத ஒரு கொஞ்ச நேரம்.

பிறகு நாத்தனாரும் தன் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் வகுப்பு வீட்டுக்கு வந்தது. இருப்பது ஒரே ஹால். ஜன்னலோரம் அவர் கட்டில், மிச்ச இடத்தில் பாயை விரித்து ஆறு பெண்கள். எல்லோரும் ஆஸ்பத்திரி ஆயாக்கள். வெளிநாட்டில் முதியோர் இல்ல வேலைக்குப் போகப் பரீட்சை எழுதுகிறவர்கள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடப்பார்.

கதவுப் பாடம் நடந்த அன்று பர்த்தீரைக் காட்டப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். வழக்கமாக முதல் திருப்பத்திலேயே திரும்பி வந்துவிடுவாள். அன்று கால் நிற்கவில்லை. வாசல், தெரு, முனையிலிருந்த ஹார்டுவேர் கடை, அதைத் தாண்டிப் பஸ் நிறுத்தம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க மனசு வரவில்லை. அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா. தெருவிளக்கு எரிந்ததும்தான் சுரீரென்று உறைத்தது. அவரை ஆறு பேர் நடுவில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்ன பேச்சு வாங்கப் போகிறோமோ என்று மூச்சிரைக்கப் படியேறினாள்.

ஹாலில் சிரிப்புச் சத்தம். அவர் வேறு சட்டையில், தலை வாரி, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆயாக்களில் மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவள்தான் பேசினாள்.

"ஐயா நனைச்சிட்டாரு டீச்சர். நாங்களே மாத்திட்டோம். திரும்புங்க, கைய தூக்குங்க, எல்லாம் பிரெஞ்சுலயே சொன்னோம்."

"தப்புத் தப்பா சொன்னாளுங்க," என்றார் அவர் குழறலாக. "எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

"எங்களுக்குப் பழக்கம் வேணும், உங்களுக்குக் காத்து வேணும். தினம் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுறோம். நீங்க கெளம்புங்க," என்றாள் பெரியக்கா.

தன்னிடம் உறுமுகிற வாய் அவர்களிடம் சிரிக்கிறதே என்று பிரெஞ்சம்மாவுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் மறுநாள் கிளம்பிவிட்டாள். அதற்கு மறுநாளும். மார்க்கெட்டைச் சும்மா சுற்றினாள், பார்க்கில் தூங்கி வழிந்தாள், ஒரு செருப்புக் கடையில் வாங்காமலே ஏழெட்டு ஜோடி போட்டுப் பார்த்துக் கடைக்காரனிடம் முறைப்பு வாங்கினாள். திரும்பி வந்து வகுப்பெடுப்பாள். பெண்கள் கிடுகிடுவெனத் தேறினார்கள். அதுதான் அவளுக்கு வினையாகிவிட்டது. இவர்கள் தேறினால் பறந்துவிடுவார்கள். பறந்தால் அந்த ஒரு மணி நேரமும் கூடவே பறந்துவிடும். ஒரு தடவை ஃபெயிலானால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள். நினைத்த கையோடு வெட்கப்பட்டு, அன்று பாடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து நடத்தினாள்.

ஆறு பேரும் பாஸ். விடைபெற வந்தபோது அவர் இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். பெரியக்கா கட்டிலோரம் குனிந்து, "டீச்சரத் திட்டாதீங்க ஐயா," என்றாள். படியில் அவர்கள் பேச்சுச் சத்தம் தேய்ந்து போயிற்று. பிரெஞ்சம்மா பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அடுத்த வகுப்புக்கு இன்னும் யாரும் சேரவில்லை.

மறுநாள் மாலை வழக்கமான நேரம் வந்தது. அடுப்படியில் இருந்த சுத்தமான பாத்திரத்தையே எடுத்து மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா," என்று கூப்பிட்டார்.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

"நேரமாச்சு. நீ இன்னும் கெளம்பலயா?"

"யாரு பாத்துப்பா உங்கள?"

"நான் என்ன எந்திரிச்சு ஓடிடவா போறேன்? தண்ணிய இந்தக் கைப்பக்கம் வை. வெளிய பூட்டிட்டுப் போ."

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "எப்ப வருவே" என்றுதான் இத்தனை நாளும் கேட்டவர். மறுத்தால் அந்தப் பெருந்தன்மையை மூஞ்சியிலேயே திருப்பி அடித்தது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. தண்ணீரை இடது பக்கம் வைத்தாள். செருப்பு மாட்டினாள். வெளியே வந்து பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

நாலு படி இறங்கினாள். அதற்கு மேல் முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். உள்ளே அவர் ஒருமுறை இருமினார், பாதி எழுந்தாள். தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது, மறுபடி உட்கார்ந்தாள். மேல் வீட்டுக்காரி காய்கறிப் பையோடு ஏறி வந்து, "என்ன பிரெஞ்சம்மா, சாவி தொலஞ்சுடுச்சா?" என்று கேட்டாள். வாயில் விரலை வைத்து அவளை அனுப்பிவிட்டாள்.

இருட்டியதும் எழுந்து, செருப்புச் சத்தம் கேட்கும்படி நன்றாக மிதித்து ஏறிப் பூட்டைத் திறந்தாள். அவர் சட்டையெல்லாம் தண்ணீர் சிந்தியிருந்தது. முகத்தில் மட்டும் பெரிய காரியம் சாதித்த களை.

"தனியா இருந்துட்டேன் பாத்தியா," என்றார். "எங்க போன?"

"மார்க்கெட் பக்கம்."

"கூட்டமா?"

"நல்ல கூட்டம்."

"நாளைக்கும் போ," என்றார்.

"சரிங்க," என்று அவர் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். நாளைக்கு எப்படியாவது தெரு வாசல் வரையிலாவது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.