இரைப்பை அடைத்த கோழிகளும் நானும்

மாட்டாஸ்பத்திரிக்கு மாட்டைக் கொண்டுவருகிறவர் நிமிர்ந்து நடந்து வருவார். கோழியைக் கொண்டுவருகிறவர் அதை முந்தானைக்குள்ளோ துண்டுக்குள்ளோ மறைத்துக்கொண்டு, மாடெல்லாம் போகட்டும் என்று வேலியோரம் நிற்பார்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்னால் தென்காசியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். எங்கள் டாக்டர் மலையாளக் கரைக்காரர், தங்கமான மனுஷர். மாடுகளுக்கு வெக்கை நோய் வந்துவிட்டால் ஊர் ஊராக ஊசி போட அலைவார். அந்த நாட்களில் கோழிகள் என் பொறுப்பு. கோழி என்று வந்தால் அநேகமாக இரைப்பைக் கோளாறாகத்தான் இருக்கும். கோழிக்குப் பல் இல்லை. கொத்தியதையெல்லாம் கழுத்தடியில் இருக்கும் இரைப்பை என்கிற பையில் போட்டு வைத்துக்கொண்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். அந்தப் பை அடைத்துக்கொண்டால் தீனியும் இல்லை, முட்டையும் இல்லை. புறவாசலில் கோழி வளர்த்து அவதிப்பட்டவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வளர்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

காணாமல் போன கட்டி

ஒருநாள் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும்போதே ஒரு சின்னப் பெண் வாசலில் நின்றாள். கழுத்தில் புதுத் தாலி, கையில் சிவப்புப் பெட்டை, கண்ணெல்லாம் வீக்கம். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பிறந்த வீட்டில் கோழி வளர்த்து வழக்கமில்லை. மாமியார் தன் மகளின் பேறுகாலத்துக்குப் போகும்போது, “இது நல்லா முட்டையிடுத கோழி, பத்திரமாப் பாத்துக்கோ” என்று ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முந்தின நாள் பொழுதடையும் நேரத்தில் கூட்டில் அடைக்கத் தூக்கியபோது, கழுத்துக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டதாம். விடியும்வரை அழுதிருக்கிறாள்.

நான் தடவிப் பார்த்தேன். கட்டியைக் காணோம், பை வெறுமையாகக் கிடந்தது. அவளும் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் ஏதோ மந்திரம் போட்டதைப்போல என்னை ஏறிட்டாள். “சாயங்காலம் பை நிறைஞ்சிருக்கணும், காலையில காலியாகணும். அதுதான் நல்ல கோழிக்கு அடையாளம். காலையிலயும் கல்லு மாதிரி இருந்தா அப்போ கொண்டு வா” என்றேன். அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. கோழியை முந்தானையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “எங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீக அண்ணாச்சி. கோழி வயிறு நெறையச் சாப்பிட்டதுக்கு நான் அழுதேன்னு ஊரு பூராம் சொல்லிச் சிரிப்பாக.”

மாடசாமியின் சட்டை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் குளிக்க வருகிறவர்கள் மூட்டை மூட்டையாகச் சோறு கட்டி வருவார்கள். மீந்ததைப் பங்களாக்களின் பின்னால் கொட்டிவிட்டுப் போவார்கள். புளியோதரையும் தயிர்ச்சாதமும் தூறலில் ஊறிப் புளித்துக் கிடக்கும். மாடசாமி ஒரு பங்களாவில் காவல்காரர். அவர் வீட்டுக் கோழி அதைத் தின்று, இரைப்பை தண்ணீர் நிறைந்த பலூன்போல ஆகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று கோழியைத் தலைகீழாகப் பிடித்து அமுக்கியிருக்கிறார். உள்ளே இருந்தது அத்தனையும் அவர் சட்டையில். புளித்த கள் வாடை. அப்படியே வீட்டுக்குள் போயிருக்கிறார். கள்ளை விட்டுவிடுவதாக இலஞ்சி முருகனிடம் சத்தியம் செய்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இனிமேல் குடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். அன்றைக்கே அவள் துணிமணியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கோழியோடு அவர் வந்தார். பின்னால் அவளும் வந்தாள். “அய்யா, கோழியப் பெறகு பாருங்க. நாத்தம் கோழியோடதா என்னோடதான்னு மொதல்ல எம் பொஞ்சாதிக்குச் சொல்லுங்க” என்றார் அந்த மனுஷர், அழாக்குறையாக. நான் சொல்லி அவள் நம்புவாளா? கோழியின் முகத்தைக் கீழே சாய்த்துப் பதமாகத் தடவினேன். அப்படிச் செய்யும்போது மூச்சு முட்டாமல் அடிக்கடி நிமிர்த்தவேண்டும். கொஞ்சம்தான் வந்தது, அறை முழுவதும் கள்ளுக்கடையாகிவிட்டது. பிறகு பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அன்றைக்குத் தீனி கூடாது என்று சொன்னேன்.

அந்தம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைக்கூட லட்சியம் செய்யாமல் புருஷனிடம் போய், “வாயத் தெறங்க” என்றாள். அவர் திறந்தார். மோந்து பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை மோந்து பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் பழைய அதட்டல்தான்: “வாய் நாறல. சட்டைதான் நாறுது. அதக் கழத்திக் குடுங்க, ஆத்துல அலசிட்டுப் போவோம்.”

காக்கிப் பை

வீரகேரளம்புதூரிலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் வருவார். அவருடைய கோழிக்கு இரைப்பை தளர்ந்து, கிழட்டுக் காளையின் தாடைச்சதைபோலத் தொங்கும். தசை ஒருமுறை தளர்ந்துவிட்டால் மருந்தால் இறுகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி வைக்கவேண்டும், பையைத் துணியால் தாங்கிக் கட்டவேண்டும். அதைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த தடவை வந்தபோது, பழைய உடுப்பைக் கிழித்துத் தைத்த காக்கிப் பை ஒன்று கோழியின் மார்பில் இருந்தது. முதுகுப் பக்கம் பித்தளைப் பொத்தான் பளபளத்தது. ஊசி போட மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஏட்டையா சிரிக்கவில்லை. அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை, மனைவியும் போய்விட்டாள். வீட்டில் பேச்சுத்துணை அந்தக் கோழிதான். அதன் தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்: “சிரிக்கட்டும்வே. நான் இந்தக் காக்கியப் போட்டுட்டு நின்னா கோழி திருடுதவன் ஓடுவான். இப்பம் கோழியே போட்டிருக்கு, எவன் தொடுதான்னு பாப்போம்.”

மூக்குத்தி

தென்காசிக்குக் கிழக்கே ஒரு பண்ணை வீடு. அந்த வீட்டு அம்மாளின் வைர மூக்குத்தி காணாமல் போய்விட்டது. புறவாசல் கிணற்றடியில் கழற்றி வைத்துவிட்டுக் குளித்திருக்கிறாள். அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் முத்துப்பேச்சி. புருஷனை இழந்தவள், அந்த வீட்டு வேலையை நம்பியே இருப்பவள். போலீஸில் சொல்லிவிடலாம் என்று வீட்டு ஆண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முத்துப்பேச்சிக்கு ஒரு நினைப்பு வந்தது: கிணற்றடியில் மேய்ந்த கறுப்புப் பெட்டை, மினுக்கென்று எதைக் கண்டாலும் கொத்தும். போய்ப் பிடித்துப் பார்த்தால் இரைப்பை கல்லாக இருக்கிறது. கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு தென்காசிக்கு ஓடியே வந்துவிட்டாள். அவள் கோழியோடு ஓடுவதைப் பார்த்து, அந்த அம்மாள் வில்வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

“அறுத்துப் பாருங்க சாமி, உள்ளதான் கெடக்கு” என்று முத்துப்பேச்சி என் காலில் விழப்போனாள். நல்லவேளையாக டாக்டர் இருந்தார். பையைத் தடவிப் பார்த்து, இது எண்ணெய் ஊட்டித் தேய்ப்பதற்கு மசியாது என்று கத்தியை எடுத்தார். நான் கோழியைப் பிடித்துக்கொண்டேன். இறகு பிடுங்கி, தோலைக் கீறி, பையைக் கீறி, கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தட்டில் போட்டார். சோளம், காய்ந்த புல், உடைந்த வளையல் துண்டு, ஒரு சட்டைப் பித்தான். முத்துப்பேச்சி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை காலியாகிவிட்டது. மூக்குத்தி இல்லை.

அவள் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. டாக்டர் பட்டுநூலால் பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்து முடித்தார். கோழியை நான் யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த அம்மாள்தான் வாங்கிக்கொண்டாள். மறு கையால் முத்துப்பேச்சியைப் பிடித்துத் தூக்கினாள். மூக்குத்தி கடைசிவரை கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முத்துப்பேச்சி அந்த வீட்டிலேயேதான் இருந்தாள். அன்றைக்கு வண்டியில் ஏறுமுன் அந்த அம்மாள் சொன்னது இவ்வளவுதான்: “எடுத்தவ இம்புட்டுத் தூரம் கோழியத் தூக்கிட்டு ஓடி வருவாளா? ஏறுட்டி வண்டியில.”

சண்முகத்தாய் கோழி

இலஞ்சியில் கயிறு திரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சண்முகத்தாய் வீடு. புருஷன் வண்டியடித்துப் பிழைத்தவர். எலும்புருக்கி வந்து கட்டிலோடு கிடந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பாலும் முட்டையும் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பாலுக்கு வழியில்லை. முட்டைக்கு ஒரே ஒரு வெள்ளைப் பெட்டை இருந்தது. அந்தக் கோழி தேங்காய் நாரைக் கொத்தித் தின்று இரைப்பை அடைத்துக்கொண்டது. முட்டையும் நின்றது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். “கோழிக்கு ஒண்ணுன்னா நான் வரமாட்டேன் அய்யா. இது அவுக மருந்துல்லா” என்றாள்.

நல்லெண்ணெய் ஊட்டி, இதமாகத் தேய்த்துவிட்டு, பட்டினி போடச் சொன்னேன். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். நார் பந்தாகச் சுருண்டு கிடந்தது, அசையவில்லை. கடைசியில் டாக்டர் கீறினார். கயிறே திரிக்கலாம் போல நார் வந்தது. சண்முகத்தாய் கோழியின் கண்ணைத் தன் கையால் மூடிக்கொண்டு, “பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நீராகக் கரைத்த கஞ்சியும் மோரும் மட்டும் கொடுத்து, நார் கிடக்கும் பக்கம் போகாமல் கட்டிவைத்துப் பார்த்துக்கொண்டாள். கோழி பிழைத்தது. மறுபடி முட்டையிட்ட அன்று, தென்காசிச் சந்தைக்கு வந்தவள் ஆஸ்பத்திரிக்குள் எட்டிப்பார்த்து, “போட்டுட்டு அய்யா!” என்று கத்திவிட்டுப் போனாள். மாட்டுக்காரர்கள் திகைத்துப்போனார்கள். நானும் டாக்டரும் மட்டும் சிரித்தோம்.

கார்த்திகை முடிந்து ஒருநாள் அதே கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை. கோழியை வாங்கிப் பார்த்தேன். இரைப்பை மெத்தென்று இருந்தது, தையல் இருந்த இடத்தில் இறகு முளைத்துவிட்டது, கொண்டை நல்ல சிவப்பு. “இதுக்கு ஒண்ணும் இல்லையே அம்மா” என்றேன். அவள் கோழியைத் திரும்ப வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “தெரியும் அய்யா. அவுக போன பெறகும் இது தெனம் முட்டை போட்டுட்டுக் கொக்கரிக்கி, யாராவது எடுத்து அவுகளுக்குக் குடுங்கன்னு கூப்பிடுத மாதிரி. வீட்டுல இருந்து கேக்க முடியல. அதான் இங்கன தூக்கிட்டு வந்தேன்.”

எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்று கோழிக்குச் சொல்லிக்கொடுக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை, அந்தப் புண்ணியத்தில்தான் பென்ஷன் வாங்கும்வரை என் உத்தியோகம் நிலைத்தது.