மூன்று குதிரையும் ஒற்றை மாடும்

எண்ணெய் எஞ்சின் விற்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றித் தெரிந்தால் போதாது, மாட்டைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பை சுமந்து ஊர் ஊராக அலைந்து சாமான் விற்றவர்களுக்கு என் பாடு புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் ஓர் எஞ்சின் கடையில் சேர்ந்தேன். இன்டர்மீடியட்டில் இரண்டு தடவை பௌதிகத்தில் தோற்றவன் நான். வேலை, சக்தி என்று ஒரு பாடம் வரும், அதுதான் என் காலை வாரியது. முதலாளிக்கு இது தெரியாது. "பௌதிகம் படிச்ச பையன்" என்று சொல்லி, தண்ணீர் இறைக்கும் எஞ்சினை விவசாயிகளுக்கு விளக்க என்னை அனுப்பினார். சித்திரை விஷுவுக்குள் ஒன்றாவது விற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என்னை நம்பி இருந்தார்கள்.

களியக்காவிளைச் சந்தை

எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனேன். மூன்று குதிரைச் சக்தி என்றால் மூன்று குதிரைகள் சேர்ந்து இழுக்கிற வேகத்தில் வேலை நடக்கும் என்று தொண்டை வறள விளக்கினேன். தேங்காய் விற்க வந்த ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். எஞ்சினைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மூச்சு வாங்கி நின்ற காளைகளைப் பார்த்தார்.

"மூணு குதிரைக்க பெலன் உண்டுண்ணு சொல்லுதீரு. பின்ன அத இழுக்க ரெண்டு காளை என்னத்துக்கு?"

இராஜாக்கமங்கலத்தில் ஒரு கூடை மீன்

தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் முற்றத்தில் நின்று என் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மீன் விற்க வந்த திரேசம்மாவும் தலைக்கூடையோடு பக்கத்தில் நின்றார். "சுமையை மேலே தூக்கினாத்தான் வேலை. தூக்கின சுமையோட சும்மா நின்னா, சாஸ்திரப்படி அது வேலையே இல்ல" என்றேன். தோப்புக்காரர் தலையாட்டினார். திரேசம்மா ஆட்டவில்லை, தலையில் கூடை இருந்தது.

"அப்பிடியா மக்கா? நான் வெத்தில போட்டு முடியது வரைக்கும் நீ சும்மா நில்லு" என்று கூடையை என் தலைக்கு மாற்றிவிட்டார். அவசரமே இல்லாமல் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவினார். மீன் தண்ணீர் என் சட்டைக் காலருக்குள் இறங்கியது, கழுத்து விண்விண் என்று தெறித்தது. தோப்புக்காரர் சிரித்த சிரிப்பில் எஞ்சின் பேச்சு அடிபட்டுப் போயிற்று. ஒருவழியாகக் கூடையை இறக்கிவிட்டு திரேசம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"வேலை செய்யாதவனுக்கு எதுக்கு மக்கா இம்புட்டு வேர்வை?"

அஞ்சுகிராமத்துக் கிணறு

விஷுவுக்கு நான்கு நாள் இருந்தது. அங்கே மிளகாய்த் தோட்டம் வைத்திருந்த சுயம்பு அண்ணாச்சியின் ஜோடி மாட்டில் ஒன்று மாசியில் செத்துப்போயிருந்தது. கமலை ஏற்றத்தில் தண்ணீர் மொள்ளும் தோல் சாலை மேலே இழுக்க இரண்டு மாடு வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மாட்டை இரவல் வாங்கி அரைகுறையாக இறைத்ததில் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன.

"மாடு இழுத்தாலும் இது இழுத்தாலும் வேலை ஒண்ணுதான் அண்ணாச்சி. சீக்கிரம் முடிக்கது எதுவோ, அதுக்குத்தான் சக்தி கூடுதல்" என்று சொல்லி எஞ்சினைக் கிளப்பினேன். தண்ணீர் பாய்ந்த வேகத்தைப் பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடிவிட்டார்கள். பாதித் தோட்டம் நனைவதற்குள் குழாய் களகளவென்று காற்றை உறிஞ்சியது. கிணற்றில் சேறு தெரிந்தது. மாடு ஒரு சால் இழுத்துவிட்டு மெல்லப் பின்னால் வருகிற நேரத்தில் ஊற்று ஊறிக்கொள்ளும். என் மூன்று குதிரைகள் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அண்ணாச்சி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்தபோது எழுந்து, "இப்பம் ஓட்டும்" என்றார். ஊறியிருந்த தண்ணீர் மீதிப் பாத்திகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கொட்டிலில் வைக்கோல் மென்றுகொண்டிருந்த ஒற்றை மாட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சூடு ஆறாத எஞ்சின் சக்கரத்தின் மேல் கை வைத்தார்.

"இத நானே எடுத்துக்கிடுதேன். கிணறு ஊறுத வரைக்கும் மாடு சும்மா நின்னாலும் தின்னுக்கிட்டே நிக்கும், இது நின்னா ஒண்ணும் திங்காது தம்பி."

அதற்குப் பிறகு எத்தனையோ எஞ்சின் விற்றுவிட்டேன், ஆனாலும் அன்று மாலை அந்தத் தோட்டத்தில் மீதிப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ந்த சத்தத்தை இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருக்கிறது.

இரண்டு தடவை எழுதியும் தேறாத பாடத்தில் என்னைத் தேறவைத்தவை ஒரு கூடை மீனும் ஒரு வற்றிய கிணறும்தான்.