மில் நிற்கும் ஒரே நாள்

பழவேற்காட்டு இறால் வியாபாரி அஸ்கர் அலியின் மகள் ஃபிர்தௌஸ் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரைக் கெடுத்தது கும்மிடிப்பூண்டிதான்.

அங்கே தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. திரவமும் இல்லாமல் படிகமும் இல்லாமல் ரெண்டுங்கெட்டானாக இருக்கும் திரவப் படிகத்துக்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சுவாள். ஒளி சிதறி மினுக்கும். அந்த மினுக்கலின் வேகத்தை அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எப்படி அசைந்து திரும்புகின்றன என்பது தெரிந்துவிடும். தெரிய வேண்டும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டீல் மில். அங்கே கம்பி உருட்டும்போதெல்லாம் இங்கே மேஜை நடுங்கும், மேஜையோடு ஒளியும் நடுங்கும். மூன்று வருஷமாக அவள் அளந்தது மூலக்கூறை அல்ல, மில்லைத்தான். எந்தப் படுபாவி இங்கே போய் லேபுக்கு இடம் பார்த்தானோ என்று தினமும் திட்டுவாள்.

மில் ராப்பகலாக ஓடும். தீபாவளிக்குக்கூட நிற்காது. ஆயுத பூஜையன்று மட்டும் நிற்கும். 2008இல் அந்த ஒரு நாளுக்காகவே லேசரையும் கண்ணாடிகளையும் மயிரிழை பிசகாமல் நேர்ப்படுத்தி வைத்திருந்தாள். மார்ச்சோடு உதவித்தொகை முடிகிறது. இந்த அளவீடு கிடைக்காவிட்டால் ஆய்வேடு இல்லை, பட்டமும் இல்லை.

அன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி வந்து சேர்ந்தாள். மில்லில் ஒரு சத்தமும் இல்லை. ஆசையோடு லேப் கதவைத் திறந்தாள்.

மேஜை காலியாக இருந்தது. சுவரோரம் வாழையிலையில் லேசர், கண்ணாடிகள், ஒளியை உணரும் குழாய் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. லேப் உதவியாளர் ராஜமாணிக்கம் கற்பூரத் தட்டோடு நின்று சிரித்தார்.

"இன்னாண்ணே பண்ணி வச்சிக்கிறீங்க?"

"நீங்கதான மேடம் தூசு தூசுன்னு உசிர எடுப்பீங்க. அதான் அல்லாத்தயும் கழட்டி நல்லா தொடச்சி வச்சிட்டேன். மொத பூஜயே உங்க மெஷினுக்குத்தான்."

ஃபிர்தௌஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி நேர்ப்படுத்த ஒரு வாரம் பிடிக்கும் என்று தெரிந்தும், மனசு கேட்காமல் லேசரைத் தூக்கக் குனிந்தாள்.

"அய்ய, படைச்சத இன்னிக்கித் தொடக் கூடாது மேடம். நாளிக்கி எடுத்துக்கலாம்."

"நாளிக்கி மில்லு ஓடும்ணே."

ராஜமாணிக்கம் பொரிகடலைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். "கவலயே படாதீங்க மேடம். அங்கயும் பூஜ போட்டாச்சி. ஒரு கொறயும் இல்லாம ஓடும்."