மாமா வண்டியில் கிடைத்த பொரி

என் தாய்மாமா பம்மலில் ஸ்கூல் வேன் ஓட்டினார். காலையில் எங்கள் தெருவில் என்னை ஏற்றிக்கொண்டு, பல்லாவரத்தில் நாலைந்து பிள்ளைகளை அள்ளிப்போட்டு, கடைசியாகக் கீழ்க்கட்டளையில் ஒரு பையனை எடுத்துக்கொண்டு, மேடவாக்கம் சாலையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். மாமா வீட்டில் அடுப்பு எரிந்ததே இந்த ஓட்டத்தை நம்பித்தான்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. கேட்க நாதியில்லாமல் இறந்துபோனவர்களை அதே வண்டியில் எடுத்துவந்து அடக்கம் செய்வார். முஸ்லிம் என்றால் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுகை வைப்பார். இந்து என்றால் மாலை, ஊதுபத்தி, வழியில் இறைக்கப் பொரி. கிறிஸ்தவர் என்றால் ஜெபம் சொல்ல ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்துவருவார். "ஆளில்லாதவங்கள ஒழுங்கா அனுப்பி வைக்கலன்னா, நாளைக்கு அல்லா நம்மளத்தான் கேப்பான்" என்பார். கரண்ட் பில் கட்ட வேண்டும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக இதைச் சொல்வார். விடிகாலைத் தொழுகை முடிந்ததும் வண்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவி, பன்னீர் தெளித்துவிடுவார். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் வண்டிகளிலேயே எங்கள் வண்டிதான் மணக்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த வேலையைப் பற்றித் தெரியாது. மாமா மறைத்தார் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை அவசரத்தில் கழுவும்போது, சீட்டுக்கு அடியில் கிடந்த பொரிப் பொட்டலத்தை அவர் கவனிக்கவில்லை. முந்தின நாள் மீந்தது. பிள்ளைகள் விடுவோமா? ஆளுக்கு ஒரு கை அள்ளித் தின்றோம். பொரி எதற்கெல்லாம் பயன்படும் என்பது முஸ்லிம் வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரியாது. கீழ்க்கட்டளைப் பையனோ, ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் படைத்தது என்று அடித்துச் சொல்லி, மிச்சத்தைச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் அவனுடைய அம்மா கேட்டருகே நின்றிருந்தார்.

"ஆயுத பூஜை முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு. வண்டில பொரி ஏதுண்ணா?"

மாமா வண்டியை அணைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். பாலத்துக்குக் கீழே படுத்துக்கிடந்த ஒரு அம்மாவை நேற்று முன்தினம் அடக்கம் செய்ததாகவும், பொரி அவர்களுக்காக வாங்கியது என்றும் சொன்னார். பையனின் அம்மா மகனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி பல்லாவரம்வரை போய்விட்டது. மறுநாள் என்னைத் தவிர ஒரு பிள்ளையும் வண்டி ஏறவில்லை.

"கடைல வாங்குனதுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இன்னா பேஜாருய்யா உன்னோட" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"கடைலதான் வாங்குனேன். எதுக்குன்னு கேட்டாங்களே" என்றார் மாமா.

இந்த வேலையை விட்டுவிட்டால் பிள்ளைகளை மறுபடி அனுப்புகிறோம் என்று பெற்றோர் சொல்லியனுப்பினார்கள். மாமி கையெடுத்துக் கும்பிடாத குறை. மாமா அசையவில்லை. "புள்ளைங்களுக்கு வேற வண்டி கெடைக்கும். அவங்களுக்கு யாரு கீறா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

எனக்கோ கொண்டாட்டம். வழக்கமாக மூட்டைபோல அடைந்து போகிறவள், இப்போது முன்சீட்டில் மகாராணியாகப் போனேன். என் ஒருத்திக்காகவே மாமா வண்டி ஓட்டுகிறார் என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டேன். ஒன்றுதான் எரிச்சல். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும், ஒவ்வொரு வீட்டு முன்னாலும் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் மாமா கிளம்புவார். கேட்டால், "நிப்பேன்னு சொல்லிக்கீறேன்ல" என்பார்.

அப்படிக் கீழ்க்கட்டளையில் நின்றபோது ஒருநாள் கேட் திறந்தது. வந்தது பையன் இல்லை. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில பூட்டாருண்ணே. எடுத்துகினு வர எந்த வண்டியும் வர மாட்டேன்றான். அம்மாதான் உன்னாண்ட கேக்கச் சொன்னாங்க."

பையனுடைய அம்மா கேட்டுக்கு உள்ளேயே நின்றிருந்தார். மாமா அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பின்சீட்டில் ஒருவர் அழுதுகொண்டிருக்க, முன்சீட்டில் நான் எழுத்துத் தேர்வுக்கு லேட்டாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அன்று நடந்ததை வெகுநாள் கழித்து என் அம்மா சொல்லிக் கேட்டேன். அக்காவுக்குச் சொந்தபந்தம் அதிகமில்லை. பாடைக்குத் தோள் கொடுக்க ஒரு ஆள் குறைந்தபோது மாமாவே தோள் கொடுத்தாராம். துக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றிருந்த பையனின் அம்மா, மாமா ஒரு கையால் பாடையையும் மறு கையால் பொரிப் பொட்டலத்தையும் பிடித்துத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறார். "பொரிய இங்க குடுங்கண்ணா" என்று வாங்கி, தெருமுனைவரை தானே இறைத்துக்கொண்டு போனாராம்.

அந்த வெள்ளிக்கிழமை கீழ்க்கட்டளைப் பையன் பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றான்.

"வண்டி கழுவியாச்சாண்ணா?" என்று அவனுடைய அம்மா கேட்டார்.

"கழுவியாச்சும்மா" என்றார் மாமா.

அடுத்த திங்கட்கிழமை பல்லாவரத்துப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். என் முன்சீட்டில் இன்னும் இரண்டு பேர் திணிக்கப்பட்டார்கள். என் ராஜ்ஜியம் பறிபோய்விட்டது. மாமாவைப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பாமல், கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

என்னைவிட அவருக்கு வருத்தம் அதிகம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. யாருக்கும் கேட்காதபடி அவர் காதருகே போய், "அழாதீங்க மாமா, லீவு விட்டதும் நாம ரெண்டு பேர் மட்டும் போலாம்" என்று தேற்றினேன். மாமா சரி என்று தலையாட்டினார்.