வால் முளைத்த வார்த்தைகள்

ரெமிஜியஸ் தலையில் அடிபட்டு விழுந்த அன்று காலை பெங்களூர் சிட்டி ஸ்டேஷனைப் பனி மூடியிருந்தது. 1936, டிசம்பர் மாதம். நான் புக்கிங் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பிளாட்பாரம் தெரியவில்லை, எஞ்சின் தெரியவில்லை, அவருடைய குரல் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. கைமணியை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, வண்டி நிற்கும் ஊர்களை வரிசையாகக் கூவுவது அவருடைய உத்தியோகம். "கண்டோன்மென்ட், ஒயிட்பீல்டு, மாலூர், பௌரிங்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம், மெட்ராஸ்!" அந்தக் குரலில் கேட்டால் பௌரிங்பேட்டைகூடப் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் என்று தோன்றும். போய்ப் பார்த்தவன் நான். அங்கே ஒன்றும் இல்லை.

வண்டி போனதும் வெளியே வந்தவர், மிரண்டு ஓடிய ஒரு ஜட்காவைப் பிடித்து நிறுத்தப் போனார். உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். குதிரை நின்றது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரெமிஜியஸின் தலை மட்டும் நடைபாதைக் கல்லில் மோதியது. இடது பக்கம், காதுக்குச் சற்று மேலே.

பத்தொன்பது நாள் அவர் கண் திறக்கவில்லை. தூங்குகிற மனிதரைப் போலத்தான் இருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். சில சமயம் உதடு அசையும். எந்த ஊரில் நிற்கிறாரோ, அடுத்து எந்த ஊரோ என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருவேன்.

இருபதாம் நாள் கண் திறந்தார். வலது கை துவண்டு கிடந்தது. பேச வாயெடுத்தால் "அது" என்ற ஒரே சொல் வந்தது. தண்ணீரும் அது, வலியும் அது, மனைவியும் அது.

"உயிர் தப்பிச்சிடுச்சும்மா. பேச்சு ஆறு மாசத்துக்குள்ள வந்தா உண்டு. அதுக்கப்புறம் எதிர்பார்க்காதீங்க" என்றார் டாக்டர்.

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நாங்கள் ஐயர் வீடு, அவர்கள் வேதக்காரர்கள். இந்தப் பக்கம் சஹஸ்ரநாமம், அந்தப் பக்கம் ஜெபமாலை. சுவருக்கு இரண்டும் மனப்பாடம். ரெமிஜியஸின் மனைவி பிரிஜெட், ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்து வந்த அன்று சுவரோரம் நின்று என்னிடம் சொன்னாள்.

"சேஷகிரி சார், ஸ்டேஷன்ல கூவறது போனாப் போவட்டும். எம் பேரச் சொல்லணும்னுகூட நான் கேக்கல. கண்ணாலமாயி இருபத்திரெண்டு வருசம், ஒரு நாளும் பேரச் சொன்னவரில்ல. 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு. அந்த 'இந்தா' திரும்பி வந்தாப் போதும் எனக்கு."

அவர் மட்டுமா, எங்கள் தெருவில் அநேகமாக எல்லா மனைவிகளுக்கும் அதுதான் பெயர். என் வீட்டிலும் அதேதான். "வரும்மா, கண்டிப்பா வரும்" என்றேன். உள்ளே வந்து என் மனைவி ஜெயலக்ஷ்மியிடம், "அவ்வளவுதான், இனிமே ஒண்ணும் வராது" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றியதும் மாதா பிரார்த்தனை நடக்கும். ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக அவள் முன்னே, அவர் பின்னே. நான் ஈஸிசேரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். நட்சத்திரம், கோபுரம், மாளிகை என்று வரிசையாக ஏதேதோ இருட்டுக்குள் மிதந்து போகும். ஒவ்வொன்றின் பின்னாலும் அவருடைய கனத்த குரல் நடந்து போகும். விபத்துக்குப் பிறகு இரண்டு பங்கையும் அவளே சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு நாள், பட்டம் ஒன்றைச் சொல்லும்போதே அடுப்பில் கஞ்சி பொங்கிற்று. பிரிஜெட் பாதியில் எழுந்து ஓடினாள். காலியாக விட்ட இடத்தில் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பேசிட்டாரு! பேசிட்டாரு!" அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. முழ நீள மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். நான் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக் காட்டி, "ரெமிஜியஸ், இது என்ன?" என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிற்று. "அது" என்றார்.

டாக்டரிடம் சொன்னதற்கு, "அது பேச்சு இல்ல, பழக்கம். கிளி சொல்றது இல்லையா, அந்த மாதிரி" என்றார். படித்தவன் என்ற முறையில் நானும் அதையே ஒத்துப் பாடினேன்.

பிரிஜெட் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிளிக்குப் பழக்கறவங்க மனுசனுக்குப் பழக்க மாட்டாங்களா சார்?"

மறுநாள் சாயங்காலம் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பிரார்த்தனை முடிந்த கையோடு, அதே ராகத்தில், சுவருக்கு அப்பால் வேறொன்று ஆரம்பித்தது.

"தண்ணிச் சொம்பே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"வெந்நீர்ச் சட்டியே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

வீட்டில் இருந்த தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் அன்று புனிதம் பெற்றது. ஜெயலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, அழுதாளோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதா கோயில் சாமியார் ஒரு நாள் நோயாளியைப் பார்க்க வந்தவர், "முருங்கைக்காய்க் குழம்பே" என்பது காதில் விழுந்ததும் வாசலிலேயே நின்றார். குடையை விரித்தார். மழை இல்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர்.

சில வாரம் கழித்து அவள் சொம்பைத் தூக்கிக் காட்டிவிட்டு, ராகத்தை மட்டும் மூக்கால் முனகி, சொல்லை விட்டுவிட்டாள். அவர் தவித்தார், வியர்த்தார். மறுநாளும் அப்படியே. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள், "சொம்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் ரெமிஜியஸ். ஒரே மூச்சில், முன்னும் பின்னும் அவரே.

அதற்கப்புறம் சட்டி வந்தது, சோறு வந்தது, வலி வந்தது. "இந்தா" வரவில்லை. ஒவ்வொரு நாளும் கடைசியில் பிரிஜெட் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி முனகுவாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அவள் விளக்கை அணைப்பாள்.

இதற்கு நடுவில் ஸ்டேஷன் பெயர்களும் அந்த ராகத்தில் ஏறின. மெட்ராஸ் வரையில் ஒன்று தவறாமல் சொன்னார். உடனே எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "ஒரு சான்ஸ் கொடுத்துப் பாருங்கோ சார்" என்று கெஞ்சினேன்.

பிரிஜெட் தயங்கினாள். "ஒவ்வொண்ணுக்கும் பின்னால அந்த 'வேண்டிக்கொள்ளும்' வால் இருக்குதே சார்."

"அந்த மணியும் புகையும் பட்டதும் பழைய குரல் தானா வந்துடும்மா. வால் கீல் எல்லாம் உதிர்ந்துடும்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், மூழ்கியது அவர்.

ஜூன் மாதம், டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிகிற வாரம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ரெமிஜியஸ் இஸ்திரி போட்ட கோட்டில் இடது கையால் மணியை ஆட்டினார். பிளாட்பாரம் திரும்பிப் பார்த்தது. குரல் எழும்பியது. அதே குரல்! நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கண்டோன்மென்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்! ஒயிட்பீல்டே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்! மாலூரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்! பௌரிங்பேட்டையே..."

மூன்றாம் வகுப்பில் சிரிப்பு வெடித்தது. ஒரு கிழவி மட்டும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவரால் நிறுத்த முடியவில்லை. மெட்ராஸ் வரை போய்த்தான் நின்றார். வண்டி கிளம்பி, சிரிப்பும் புகையும் சேர்ந்து விலகிப் போயின. ஈரப் பிளாட்பாரத்தில் கனவில் நிற்பவர்போல அவர் நின்றார். இனி மணி மட்டும் அடிக்கட்டும், கூவுவதற்கு டென்சில் என்ற பையன் வருவான் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லிவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அப்பால் பிரார்த்தனை கேட்கவில்லை. இத்தனை மாதம் அழாத பிரிஜெட் அழுதுகொண்டிருந்தாள். நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டு வரலாம் என எழுந்து அவர்கள் வாசலுக்குப் போனேன். விளக்கு ஏற்றவில்லை. தரையில் அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸ் எதிரே உட்கார்ந்து அவளுடைய தோளை இடது கையால் தொட்டுத் தொட்டு எடுத்தார். வாய் திறந்து மூடியது. யாரும் ராகம் முனகவில்லை, யாரும் முதல் அடி எடுத்துக் கொடுக்கவில்லை.

"இந்தா," என்றார். பிறகு, அதுவும் வந்தேதான் தீர்ந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவள் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "வேண்டிக்கிறேன்" என்றாள். "வேண்டிக்கிறேன்யா."

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆறு மாதக் கெடு முடிந்துபோயிற்று. வார்த்தைகளுக்கு அது தெரியவில்லை. மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருந்தன. வால்களும் கூடவே வந்தன. "இந்தா, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவர் கூப்பிடுவார். அவளும் முழுவதும் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு "என்னய்யா" என்பாள். எங்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. ஜெயலக்ஷ்மி ஒரு நாள் என்னிடம், "உங்களுக்கு அந்த மரியாதைகூடத் தெரியாது" என்றாள்.

1938 மார்கழியில் ஒரு காலை. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே தெருக்குழாயைச் சுற்றிப் பெண்கள் குடங்களுடன் நின்றார்கள், ஜெயலக்ஷ்மியும்தான். நான் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். கோடி வீடு தெரியவில்லை. அவர்கள் வீட்டு வாசலும் தெரியவில்லை. அத்தனை பனி. அதற்குள்ளிருந்து குரல் வந்தது. பழைய குரல், மெட்ராஸ் மெயிலை நிறுத்திவைத்த குரல்.

"இந்தா!"

குழாயடியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். பிரிஜெட் ஒருத்திதான் திரும்பவில்லை. குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மீதி வரட்டும் என்று காத்திருந்தாள்.

மீதி வரவில்லை. குடம் நிரம்பி அவள் காலில் வழிந்தது.

"பிரிஜெட்டம்மா," என்றாள் ஜெயலக்ஷ்மி மெதுவாக, "உங்களைத்தான்."